போக்குவரத்துத் திட்டத்தில் அம்மாவின் நடை: கோலாலம்பூர்வாசி கருத்துப் படிவம் எழுதுவது எப்படி

எங்கள் புளோக்கின் லிஃப்ட் வாசலில் இருந்து பஸ் ஸ்டாப் வரை என் நடையில் 640 காலடி, எட்டு நிமிடம். அம்மா நடந்தால் 1,100 காலடிக்கு மேல், 26 நிமிடம். அவருக்கு 81 வயது. கையில் தடி. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். வழியில் ஒரு சாலையைக் கடக்க வேண்டும். அந்த இடத்தில் நடைபாதை ஒரு சாக்கடை மூடியோடு நின்றுவிடும். மூடியின் ஒரு மூலை உடைந்திருந்தது. அம்மாவின் தடி முனை அந்த ஓட்டைக்குள் இரண்டு முறை இறங்கியிருக்கிறது.

இந்த எண்களை 2024-இல் இரண்டு முறை படிவத்தில் எழுதிக் கொடுத்தேன். முதல் முறை, கோலாலம்பூர் உள்ளூர்த் திட்டம் 2040-இன் வரைவு ஜனவரியில் பார்வைக்கு வந்தபோது. இரண்டாம் முறை, எம்ஆர்டி 3 என்ற வட்ட ரயில் பாதையின் வரைபடங்கள் செப்டம்பர் 2 முதல் டிசம்பர் 2 வரை வைக்கப்பட்டிருந்தபோது. பந்தாய் டாலாமில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்கு நான் செயலாளர். அதற்கு முன் முப்பது ஆண்டுகள் வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. அதனால் யாருக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். "இருபது வருஷத் திட்டத்துக்கு நாம எழுதி என்ன ஆகப் போகுது, அக்கா?" என்று கேட்பார்கள். எழுத வேண்டிய விதத்தில் எழுதினால் ஆகும். எனக்குத் தெரிந்த விதத்தை இங்கே சொல்கிறேன்.

யாருக்கு எழுதுவது

கோலாலம்பூரில் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய நகராட்சி உறுப்பினர் என்று ஒருவர் கிடையாது. நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. 1974 பிப்ரவரி 1 முதல் தலைநகரம் கூட்டரசுப் பிரதேசம் என்பதால் இங்கே சட்டமன்ற உறுப்பினரும் இல்லை. மேயரான டத்தோ பண்டாரும் நியமிக்கப்படுபவர்தான். மீதி இருப்பவர் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர்தான். அதனால் ஒரு திட்டத்தின் வரைவு பார்வைக்கு வைக்கப்படும் அந்தச் சில வாரங்களை நான் தேர்தல் நாள் மாதிரி நினைக்கிறேன். நாம் எழுதியது சட்டப்படி பதிவாகும் காலம் அதுதான்.

எந்தத் தாள் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நகரம் இருபது ஆண்டுக்கு எந்தத் திசையில் போகும் என்று சொல்வது கட்டமைப்புத் திட்டம், மலாயில் பெலான் ஸ்ட்ருக்தூர். எந்த நிலத்தில் என்ன வரலாம், எவ்வளவு உயரம், சாலைக்கு எவ்வளவு அகலம் என்று வண்ணம் தீட்டிக் காட்டுவது உள்ளூர்த் திட்டம், பெலான் தெம்பாத்தான். இரண்டும் 1982-ஆம் ஆண்டின் 267-ஆவது சட்டப்படி மாநகர் மன்றத்தின் கையில். ரயில் பாதை என்றால் 2010-ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டம், எண் 715. அந்தச் சட்டப்படி ரயில் திட்டத்தை மூன்று மாதம் மக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். எல்லையைத் தாண்டிப் பெட்டாலிங் ஜெயா பக்கம் கால் வைத்தால் சிலாங்கூர் மாநிலம். அங்கே 1976-ஆம் ஆண்டின் 172-ஆவது சட்டம், வேறு மன்றம், வேறு கால அட்டவணை.

பந்தாய் டாலாமில் இது வெறும் சட்டப் பாடமாக இருக்காது. புதிய பந்தாய் விரைவுச்சாலை, கேடிஎம் தண்டவாளம், கிள்ளான் ஆறு மூன்றும் எங்கள் வட்டாரத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. விரைவுச்சாலைக்கு நெடுஞ்சாலை வாரியம், தண்டவாள நிலத்துக்கு ரயில்வே சொத்துக் கழகம், ஆற்றுக்கு வடிகால் நீர்ப்பாசன இலாகா, தெருவுக்கு மாநகர் மன்றம். அரை மணி நேரம் நடந்தால் நான்கு அலுவலகங்களின் நிலத்தை மிதித்துவிடலாம். ஒவ்வொருவரின் வரைபடமும் அவரவர் வேலியில் முடிந்துவிடுகிறது. நடை அறுந்து போவது அந்த வேலிகளுக்கு நடுவில்தான். அதனால் படிவத்தில் "இந்த இடத்தில் சாலை மாநகர் மன்றத்துடையது, மேம்பாலத்தின் அடி விரைவுச்சாலையுடையது, இரு தரப்பும் சேர்ந்து தீர்க்க வேண்டும்" என்றே எழுதுங்கள். ஒரு நகல் அந்த இரண்டாவது அலுவலகத்துக்கும் போகட்டும். பெட்டாலிங் ஜெயாவில் வேலை பார்ப்பவர்கள் அங்குள்ள மன்றத்துக்கும் ஒன்று அனுப்புங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே ஊர் போலத்தான் நாம் வாழ்கிறோம். திட்டங்கள்தாம் துண்டு துண்டாக வருகின்றன.

எழுதும் முன் நடந்து பாருங்கள்

2008-இல் உள்ளூர்த் திட்டம் 2020-இன் வரைவு வெளிவந்தபோதும் எழுதினேன். இரண்டு பக்கம். எங்கள் பகுதியைப் புறக்கணிக்கக் கூடாது, ஏழைகளுக்கும் வசதி வேண்டும், பிள்ளைகள் சிரமப்படுகிறார்கள் என்று மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். அத்தனையும் உண்மை. ஆனால் அதில் தெருப் பெயர் இல்லை, தாள் எண் இல்லை, எத்தனை மீட்டர் என்று இல்லை. வழக்கறிஞர் அலுவலகத்தில் நூற்றுக்கணக்கான தாள்களைப் பிரித்து அடுக்கிய எனக்கு, பிறகு யோசித்தபோது புரிந்தது. கருத்துகளைப் படிப்பவர் ஒரு அட்டவணை வைத்திருப்பார். இடம், விஷயம், கேட்பது என்ன, பதில் என்ன என்று கட்டங்கள் இருக்கும். எந்தக் கட்டத்திலும் உட்காராத கடிதம் "பொதுவான கருத்து" என்ற வரிசைக்குப் போய்விடும். அந்தத் திட்டம் கெஜட் ஆனது 2018-இல். பத்து ஆண்டு காத்திருந்த ஒரு திட்டத்தில் என் இரண்டு பக்கத்துக்கு ஒட்டிக்கொள்ள இடமில்லை.

ஆகவே முதலில் காலணியை மாட்டுங்கள். வாசலில் இருந்து நிலையம் வரை, அல்லது நிலையம் வரப்போவதாகச் சொல்லும் இடம் வரை, நீங்கள் தினமும் போகும் வழியாகவே நடந்து பாருங்கள். கைப்பேசியில் தூரம் அளக்கும் செயலி இருந்தால் நல்லது. இல்லையென்றால் காலடி எண்ணுங்கள், நேரம் பாருங்கள். காலை ஏழரைக்கு ஒரு முறை, மாலை ஆறரைக்கு ஒரு முறை, மழை பெய்யும்போது ஒரு முறை. உங்கள் வீட்டில் மெதுவாக நடப்பவர் யாரோ அவரோடு ஒரு முறை.

திட்டமிடுவோர் பொதுவாக 400 மீட்டரை ஐந்து நிமிட நடை என்று வைத்துக்கொள்வார்கள். நிலையத்தை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டால், உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் நிலையத்துக்கு அருகில் வசிப்பவர்கள் ஆகிவிடுவார்கள். அந்த வட்டத்துக்குள் அதிக உயரக் கட்டடங்களுக்கும் அனுமதி கிடைப்பது வழக்கம். ஆனால் வட்டம் பறவைக்குத்தான் பொருந்தும். நடுவில் தண்டவாளமும் ஆறும் இருந்தால், வட்டத்துக்குள் இருக்கும் புளோக்கில் இருந்து நிலையத்துக்குச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். நானும் பக்கத்து வீட்டு மக்சிக்கும் (மலாய்ப் பெரியம்மா) ஒரு சனிக்கிழமை நடந்து அளந்தோம். நேர்கோட்டில் சுமார் 400 மீட்டர் என்று காட்டிய இடத்துக்குப் போய்ச் சேர 1,050 மீட்டர் ஆனது. என் படிவத்தில் நான் மிகவும் நம்பிய வரி அந்த ஒப்பீடுதான்.

என் அப்பா ரயில்வேக்காரர். நான் வளர்ந்தது பிரிக்பீல்ட்ஸில். கேஎல் சென்ட்ரல் 2001-இல் திறந்தது. மோனோரயில் 2003 ஆகஸ்ட் 31-இல் ஓடத் தொடங்கியது. அதன் கடைசி நிலையத்துக்கும் கேஎல் சென்ட்ரல் என்றுதான் பெயர். பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டுக்கும் நடுவே கூரையோடு வழி இல்லை. படி இறங்கி, ஜாலான் துன் சம்பந்தன் ஓரமாக, வெயிலோ மழையோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. வெள்ளைத் தடியோடு வருபவர்களும் அந்த வழியில்தான் நடந்தார்கள். 2014-இல் நு சென்ட்ரல் பேரங்காடி திறந்த பிறகுதான் நிழலுக்கு அடியில் ஒரு இணைப்பு வந்தது. பதினோரு ஆண்டு! ரயில் ரயிலோடு சேர்ந்ததா என்று மட்டும் பார்த்தால் போதாது, இறங்கியவர் கால் எங்கே வைப்பார் என்றும் திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும். நாம் எழுதவில்லையென்றால் வேறு யார் எழுதுவார்கள்?

நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய திட்டங்களின் கணக்கு காலை மாலை நெரிசல் நேரத்தைச் சுற்றியே வரும். எங்கள் புளோக்கில் துப்புரவு வேலைக்குப் போகும் அக்கா ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும். முதல் ரயில் ஆறு மணிவாக்கில். செக்யூரிட்டி அண்ணனுக்கு ஷிஃப்ட் முடியும்போது கடைசி ரயில் போயிருக்கும். அவர்கள் எத்தனை மணிக்கு எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் படிவம் நிரப்ப வரமாட்டார்கள். அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

வரைபடத்தின் முன்னால்

வரைபடம் இணையத்திலும் கிடைக்கும். முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள் என்பேன். உள்ளூர்த் திட்டத்துக்கு நான் ஜாலான் ராஜா லாவுட் மாநகர் மன்றத் தலைமையகத்துக்குப் போனேன். சுவர் அளவுக்குத் தாள்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. மேசையில் இருந்த இளம் அதிகாரி எழுந்து வந்து, "காக், ருமா காக் டி மானா?" என்று கேட்டார். அக்கா வீடு எங்கே என்று. சொன்னதும் நேராக ஒரு தாளிடம் அழைத்துப் போய் எங்கள் புளோக்கின் மேல் விரல் வைத்தார். அதற்குப் பிறகு எல்லாம் எளிதாகிவிட்டது. தாள் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். வண்ண விளக்கப் பட்டியலைப் படம் எடுங்கள். உங்கள் வழியை விரலால் அந்த வரைபடத்தின் மேல் நடந்து காட்டுங்கள். விரல் எங்கே தடுக்கிறதோ அதைக் கேளுங்கள்: "இந்த இடத்தில் நடந்து போக என்ன ஏற்பாடு?" அவர் சொல்லும் பதிலைத் தேதியோடு குறித்து வையுங்கள்.

திட்ட அறிக்கையில் உங்கள் வட்டாரத்தைப் பற்றியும், நடப்பது, பொதுப் போக்குவரத்து பற்றியும் உள்ள பக்கங்களை மட்டும் படித்தால் போதும். மீதியை நேரம் இருந்தால் படிக்கலாம். ஒன்றை மட்டும் தேடி எடுங்கள், அவர்களே வைத்திருக்கும் இலக்கு. 2023-இல் கெஜட் ஆன கட்டமைப்புத் திட்டம் 2040, பயணங்களில் 70 விழுக்காடு பொதுப் போக்குவரத்தில் நடக்க வேண்டும் என்று சொல்கிறது. என் படிவத்தில் அதை முதல் வரியாக வைத்தேன்: 70 விழுக்காட்டில் என் அம்மாவும் ஒருவர் ஆக வேண்டுமானால் இந்த 26 நிமிடம் குறைய வேண்டும்.

படிவத்தில்

மலாயில் எழுதுங்கள். தமிழில் யோசித்து எழுதிவிட்டு, வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்து மலாயில் மாற்றிக்கொள்ளலாம். சில சொற்கள் கையில் இருந்தால் உதவும். ஆட்சேபம் பந்தாஹான், பரிந்துரை சாடாங்கான். நடந்து கடக்கும் இடம் லின்தாசான், நடைமேம்பாலம் ஜெஜந்தாஸ், கூரை போட்ட நடைபாதை லாலுவான் பெஜாலான் காக்கி பெர்பும்புங். மாற்றுத்திறனாளிகளை ஓகேயு என்று எழுதினால் போதும்.

ஒரு படிவத்தில் ஒரே ஒரு இடம். இரண்டு குறை இருந்தால் இரண்டு படிவம். நான் எழுதியதின் தமிழ் வடிவம் ஏறக்குறைய இதுதான்:

"தாள் எண் இன்னது. எங்கள் புளோக் நிலைய வட்டத்துக்குள் காட்டப்பட்டுள்ளது. நேர்கோட்டில் சுமார் 400 மீட்டர். நடக்கும் வழியில் 1,050 மீட்டர். காரணம், தண்டவாளத்தைக் கடக்க அருகில் வழி இல்லை. மூன்று நாட்கள் அளந்தோம். நேரங்கள் இணைப்பில் உள்ளன. இந்தப் புளோக்கில் தடி, சக்கர நாற்காலி பயன்படுத்துவோர் ஒன்பது பேர். பரிந்துரை: குறிப்பிட்ட இடத்தில் லிஃப்ட் வசதியுடன் ஒரு கடக்கும் பாலம், அதுவரை கூரையிட்ட நடைபாதை. நிலையம் திறக்கும் அதே நாளில் இதுவும் திறக்கப்பட வேண்டும் எனத் திட்டத்தில் எழுத வேண்டுகிறேன்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பிரிக்பீல்ட்ஸின் பதினோரு ஆண்டு எனக்குக் கற்றுக்கொடுத்த வரி அது. "பிற்பாடு இணைக்கப்படும்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

என்ன வேண்டாம் என்பதோடு என்ன வேண்டும் என்பதையும் எழுதுங்கள். வேண்டாம் என்று மட்டும் எழுதினால் பதிலும் "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று முடிந்துவிடும். எழுதுவதால் கோடு நகராது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: எம்ஆர்டி 3-க்கு மக்கள் கருத்துச் சொன்ன பிறகு பாதையைச் சில இடங்களில் மாற்றினார்கள். கையகப்படுத்த வேண்டிய நிலத் துண்டுகள் ஆயிரத்துக்கு மேல் இருந்தவை 690 அளவுக்குக் குறைந்தன என்று போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் 2025-இல் அறிவித்தார். அவற்றில் ஒவ்வொரு துண்டும் ஒரு வீட்டின் வாசலாகவோ ஒருவரின் கடையாகவோ இருந்திருக்கும்.

முந்நூறு கையெழுத்து போட்ட ஒரு மனுவைவிட, பத்துப் பேர் பத்து நடையை எழுதிய பத்துப் படிவம் மேல். மனு ஒரே வரிசையில் பதிவாகும். படிவங்கள் பத்து வரிசையில் பதிவாகும். எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மேசை போட்டோம். போட்டோஸ்டட் எடுத்த படிவங்கள், நான்கு பேனா, ஒரு ஃபிளாஸ்க் டீ. பேரனைத் தள்ளுவண்டியில் வைத்துப் போகும் மக்சிக் எழுதினார். சீனத் தாத்தா ஒருவர் ஆற்றோரப் பாதையில் விளக்கு எரியாத இடத்தைப் படமாகவே வரைந்து கொடுத்தார். 23 படிவங்கள் சேர்ந்தன. எல்லாவற்றையும் நானே எழுதித் தரச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். ஒரே கையெழுத்தில் ஒரே வாசகம் இருபது தாளில் வந்தால் ஒரு கருத்தாகத்தான் எண்ணுவார்கள்.

கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். அவகாசம் நீட்டிக்கப்படுவதும் உண்டு, அதை நம்பி இருக்க வேண்டாம். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள். இணையத்தில் அனுப்பினால் வரும் பதிவு எண்ணைப் படம் பிடித்து வையுங்கள்.

நேரில் கேட்கும் நாள்

உள்ளூர்த் திட்டப் படிவத்தில், நேரில் விளக்க விரும்புகிறீர்களா என்ற கேள்வி வரும். ஆம் என்று குறியுங்கள். கூச்சம் வேண்டாம். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று நான்கு பேர் இருப்பார்கள், உங்களுக்குச் சில நிமிடம். நான் கொண்டுபோனது இரண்டே தாள்: வழியைச் சிவப்புப் பேனாவால் வரைந்த வரைபடம், உடைந்த சாக்கடை மூடியின் பெரிய படம். மூன்று விஷயத்துக்கு மேல் பேசவில்லை. ஒருவர் கேட்டார், "மழை நாளில் அம்மாவுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

மழை நாளில் அம்மா நடப்பதில்லை என்றேன். கிராப் டாக்சி பிடிக்கிறோம், போக 14 வெள்ளி (ரிங்கிட்), வர 14 வெள்ளி. போன மாதம் ஐந்து மழை நாள், 140 வெள்ளி. ரேபிட் கேஎல் ரயிலிலும் பஸ்ஸிலும் ஒரு மாதத்துக்கு ஏறி இறங்க மை50 பாஸ் 50 வெள்ளிதான். அவர் அந்த எண்களை எழுதிக்கொண்டார். அவர் பேனா நகர்ந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வாதாட வேண்டாம், பொது வரலாறு பேச வேண்டாம். தெரியாததைக் கேட்டால், "அளந்து எழுத்தில் அனுப்புகிறேன்" என்று சொல்லி, அந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.

கொடுத்த பிறகு

உள்ளூர்த் திட்டம் 2040 இப்போது அமலில் இருக்கிறது, 2025-இல் வந்தது. இறுதித் தாள் வெளியானதும் உங்கள் தாளை மறுபடி பாருங்கள். உங்கள் இடம் மாறியிருக்கிறதா, சொற்களில் ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று வரைவோடு வைத்து ஒப்பிடுங்கள். சேர்ந்திருந்தால் அந்தப் பக்க எண்ணை எழுதி வையுங்கள். பக்கத்து நிலத்தில் புதிய கட்டட அறிவிப்புப் பலகை நட்டால், அந்தப் பக்க எண்தான் உங்கள் கையில் இருக்கும் ஆயுதம். சேரவில்லை என்றால், அதே படிவத்தின் நகலோடு நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போங்கள், அடுத்த மறுஆய்வுக்கு எடுத்து வையுங்கள்.

சாக்கடை மூடி மாற்றப்பட்டுவிட்டது. புது மூடி, இரும்பு, சத்தம் போடாது. நடைபாதை இன்னும் அங்கேயே நிற்கிறது. போன வாரம் அம்மாவோடு மறுபடி நடந்து அளந்தேன். 24 நிமிடம். கோப்பில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.